டீச்சர் வீட்டு மர அறை

போன வாரம் உங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தபோது, புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு தம்பி என்னிடம் கேட்டார்: "சார், பழைய வீட்டுப் பட்டியல்ல இருக்கிற வீடுன்னா ரூல் எல்லாமே வெளிப்பக்கத்துக்குத்தான? அப்ப கேட்டுல நின்னு பாத்தாப் போதாதா? எதுக்கு உள்ள போகணும்?"

கேட்டவர் நல்ல பிள்ளை. எனக்குத்தான் குடித்துக்கொண்டிருந்த டீ புரையேறிவிட்டது. முதுகில் தட்டினீர்கள், தண்ணீர் கொடுத்தீர்கள், ஓய்வுபெற்ற மனுஷன் ஆபீசிலேயே போய்ச் சேர்ந்துவிடுவானோ என்று பயந்தீர்கள். ஒன்றும் ஆகவில்லை. அதே கேள்வியை அதே ஊரில் என்னையே நான் கேட்டுக்கொண்டு, "போதும்" என்று பதிலும் சொல்லிக்கொண்டவன் நான். அதனால் என்ன ஆனது என்று அன்றைக்கே சொல்லியிருப்பேன். உங்களுக்கெல்லாம் கடைசி பஸ் போய்விடும் என்று விட்டுவிட்டேன். இப்போது எழுதுகிறேன், சிரிக்க வேண்டிய இடத்தில் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள்.

நான் பழனிக்காரன். அடிவாரத்தில் பூசைச் சாமான் கடை வைத்திருந்த குடும்பம். எழுபதுகளின் நடுவில் கட்டட ஆய்வாளர் வேலை கிடைத்துக் கொடைக்கானலுக்குப் பஸ் ஏறியபோது என்னிடம் இருந்தவை நாலு சட்டை, ஓர் அளவு நாடா, நாய் என்றால் உயிர் போகிற பயம். இந்த மூன்றில் கடைசிவரை கிழியாமல் உழைத்தது பயம்தான்.

ஊரில் பழைய கல் வீடுகளை ஆளாளுக்கு வாங்கி இடித்து லாட்ஜ் கட்டத் தொடங்கியிருந்த நேரம் அது. இப்படியே விட்டால் ஒரு வீடு மிஞ்சாது என்று ஒரு குழு போட்டு, பட்டியல் தயாரிக்க முடிவாகியிருந்தது. விதிகள் சுருக்கமானவை. பட்டியலில் ஏறிய வீட்டுக்குள்ளே சொந்தக்காரர் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். வெளித்தோற்றத்தில், அதாவது கூரை, சுவர், சன்னல், வராந்தா எதிலும், எழுத்து மூலம் அனுமதி வாங்காமல் கை வைக்கக் கூடாது. இரண்டாம் வகுப்பு வீடு என்றால் எங்கள் இன்ஜினியர் கையெழுத்துப் போட்டால் போதும். முதல் வகுப்பு என்றால் குழுத் தலைவரே நேரில் வந்து பார்க்க வேண்டும். பட்டியலில் எழுதியுள்ள எந்தப் பகுதியையாவது இடித்துவிட்டாலோ, அதை இருந்தபடியே திரும்பக் கட்டும்வரை அந்த வீட்டுக்கு வேறு எந்த அனுமதியும் கிடையாது. இந்தக் கடைசி விதியை மட்டும் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். என் கழுத்து அதில்தான் மாட்டியது.

வீடு வீடாகப் போய் விவரத்தாள் எழுதும் சோலி என் தலையில் விழுந்தது. வீட்டுக்கு ஒரு தாள். ஒரு பக்கம் வெளித்தோற்றத்தின் விவரம், மறுபக்கம் படம். ஆபீசில் கேமரா கிடையாது. எனக்குப் படம் வரைய வரும், பழனியில் கடைகளுக்குப் போர்டு எழுதிப் பழகிய கை. எனவே பென்சிலால் வரைந்துவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ரெபேக்கா டீச்சர் வீட்டுக்குப் போனது ஒரு கார்த்திகை மாத ஞாயிற்றுக்கிழமை. மிஷன் பள்ளியில் முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர் அவர். மேட்டில் சின்னக் கல் வீடு, சிவப்புத் தகரக் கூரை, முன்னால் திறந்த வராந்தா. அன்றைக்கு மூடுபனி. இந்த ஊர்ப் பனிதான் உங்களுக்குத் தெரியுமே, ஒரு நிமிஷம் வீடு இருக்கும், மறுநிமிஷம் இருக்காது. கேட்டின் கொக்கியில் கை வைத்தேன். உள்ளேயிருந்து ஒரு குரைப்பு வந்தது. அப்படிக் குரைக்கிற நாய் கன்றுக்குட்டி உயரமாவது இருக்கும் என்று தோன்றியது. கையை எடுத்துவிட்டேன். "டீச்சர், டீச்சர்" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். அவர்கள் சர்ச்சுக்குப் போயிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரியும்.

ரூல் வெளிப்பக்கத்துக்குத்தானே, கேட்டுல நின்னாப் போதாதா? போதும் என்று முடிவு கட்டி, அங்கேயே நின்று வரைந்தேன். பனி விலகும்போது பார்ப்பேன், மூடும்போது வரைவேன். அப்படிப் பார்த்தபோதுதான் வீட்டின் கிழக்குச் சுவரை ஒட்டி இன்னொன்று கண்ணில் பட்டது. உருண்டை உருண்டையான மரங்கள் படுக்கை வாட்டில் அடுக்காக இருந்தன. மேலே சாய்வாகத் தகரம். நடுவில் ஒரு தலை நுழைகிற அளவுக்கு ஒரு சதுரத் திறப்பு. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. "கிழக்கே, உருண்டை மரங்களால் கட்டப்பட்ட அறை. தகரச் சாய்கூரை. ஒற்றைச் சிறு சன்னல். இந்த ஊரில் வேறெங்கும் காணாத அமைப்பு" என்று எழுதினேன். கடைசி வாக்கியம் சத்தியமான உண்மை.

எங்கள் இன்ஜினியரின் பெயரை எழுத மாட்டேன். அவருக்குப் பிடிக்காது. குரலை உயர்த்தாத மனுஷன், அதனாலேயே ஆபீசில் எல்லோருக்கும் அவரிடம் பயம். என் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நல்லா வரைஞ்சிருக்கய்யா. உள்ள போய்ப் பாத்தியா?"

"பாத்தேங்க."

இவ்வளவுதான் நான் சொன்ன பொய். ஒரே ஒரு சொல். எத்தனை பெரிய குட்டி போட்டது என்று பாருங்கள்.

குழுத் தலைவர் பெரிய பதவியிலிருந்து ஓய்வுபெற்றவர், பழைய கட்டடம் என்றால் சோறு தண்ணி மறந்துவிடுவார். என் படத்தைப் பார்த்ததும் மேசையைத் தட்டினார். குளிர் தேசத்திலிருந்து வந்த எவனோ ஒரு துரை தன் ஊர் ஞாபகத்தில் கட்டிய அறையாகத்தான் இது இருக்க முடியும் என்று தாளின் ஓரத்தில் தன் கைப்பட எழுதினார். டீச்சர் வீட்டைப் போல வராந்தா வைத்த சின்னக் கல் வீடுகள் ஊரில் நிறைய இருந்தன, எல்லாம் இரண்டாம் வகுப்பு. அந்த மர அறைக்காகவே இந்த வீட்டை முதல் வகுப்பில் ஏற்றினார்கள்.

டீச்சருக்குக் கடிதம் போனது. முதல் பக்கத்தில் "முதல் வகுப்பு" என்று இருந்தது. மர அறை விவகாரமெல்லாம் பின்பக்கத்தில், பொடி எழுத்தில். மறுப்பு இருந்தால் தெரிவிக்கலாம் என்றும் பின்பக்கத்தில்தான் இருந்தது. டீச்சர் முதல் பக்கத்தைப் படித்தார், பூரித்தார், கண்ணாடிச் சட்டம் போட்டு ஏசு படத்துக்குக் கீழே மாட்டிவிட்டார். சட்டத்துக்குள் போன பிறகு பின்பக்கத்தை யார் படிப்பது?

மறு வருஷம் மழை தொடங்குமுன் டீச்சரிடமிருந்து ஒரு மனு வந்தது. முன் வராந்தாவுக்குக் கண்ணாடிச் சன்னல் போட அனுமதி வேண்டும். அவர் கணவர் ஞானராஜ், அதே பள்ளியில் தச்சராக இருந்தவர், நெஞ்சுச் சளியால் படுத்துக்கிடந்தார். வெயில் படணும், காற்று படக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். உள்ளே நெருப்புப் போட்டால் புகை அவர் உடம்புக்குச் சேரவில்லை. வெளியே உட்கார்ந்தால் காற்று. வராந்தாவில் காலையிலிருந்து நல்ல வெயில் விழும், கண்ணாடி மட்டும் போட்டுவிட்டால் மனுஷன் குளிர்காலத்தைத் தாண்டிவிடுவார். சன்னல் சட்டங்களை அவரே கொஞ்சம் கொஞ்சமாக இழைத்து, கண்ணாடியும் பொருத்தி, கூடத்தில் வரிசையாகச் சாய்த்து வைத்திருக்கிறார் என்று மனுவில் எழுதியிருந்தது.

மனுவை எடுத்துக்கொண்டு போனேன். அன்றைக்குப் பனி இல்லை. கேட்டில் கை வைத்தேன், அதே குரைப்பு. கையை எடுத்தேன். எட்டிப் பார்த்தால் கிழக்குச் சுவர் மொட்டையாக நிற்கிறது. மர அறையைக் காணோம்!

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. முதல் வகுப்பு அறையைத் தரைமட்டமாக்கிவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி கண்ணாடிக்கு அனுமதி கேட்கிறார்களா? திரும்பி வந்து ஒரு நோட்டீஸ் எழுதினேன் பாருங்கள், ஒவ்வொரு வரியிலும் மிளகாய்ப்பொடி. இடித்த அறையை இருந்தபடியே கட்டாதவரை மனு பரிசீலிக்கப்பட மாட்டாது என்று முடித்தேன். இன்ஜினியர் படித்துவிட்டு, "உள்ள போய்ப் பாத்தியா?" என்றார். "பாத்தேங்க" என்றேன். இரண்டாவது தடவை சொல்லும்போது நாக்கு கூசவே இல்லை, அதுதான் வேடிக்கை.

நோட்டீஸ் கிடைத்த மறுநாள் வெள்ளனே டீச்சர் ஆபீசுக்கு வந்துவிட்டார். ஸ்வெட்டர், கையில் குடை. என் மேசைக்கு நேரே வந்து நின்றார்.

"யாருங்க இந்தக் கடுதாசி எழுதுனது?"

"நான்தாங்க டீச்சர்."

"நான் எந்த ரூமை இடிச்சேன்? எங்க வீட்ல மொத்தமே மூணு ரூம். மூணும் காலையில வரைக்கும் அங்கதான் கெடக்கு."

கையும் களவுமாகப் பிடித்த தோரணையில் விவரத்தாளை எடுத்து, படம் தெரியும்படி அவர் முன் வைத்தேன். டீச்சர் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டார். படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"தம்பி, இது விறகு."

"எதுங்க?"

"நீங்க வரைஞ்சிருக்கீங்களே, இது. விறகு. மழைக்கு முன்னாடி வாங்கி அடுக்கி, நனையாம மேல தகரத்தப் போட்டு வச்சோம். குளிருக்கு எரிச்சாச்சு. இந்த ஊர்ல எல்லா வீட்லயும் அப்படித்தான் அடுக்குவாங்க, நீங்க பாத்ததில்லையா?"

பழனியில் விறகு வாங்கினால் அன்றன்றைக்கு எரித்துவிடுவோம். ஒரு குளிர்காலத்துக்கு வேண்டியதைச் சுவர் மாதிரி அடுக்கி வைப்பார்கள் என்று அடிவாரத்துப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் எனக்கு ஒரு கடைசி நம்பிக்கை.

"சன்னல் இருக்கே டீச்சர்?"

"அது கோழி முட்டையிட விட்ட சந்து."

சொல்லிவிட்டு அவர் சிரிக்க ஆரம்பித்தார். குடையை மேசையில் ஊன்றிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தார். நான் அசடு வழிய நின்றேன். பிறகு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே குரல் மாறினார்.

"சரி, சிரிச்சாச்சு. இப்ப அந்தக் கண்ணாடிக்கு பெர்மிஷன் குடுங்க. அவரு இருமுறதக் கேக்க முடியல தம்பி. பனி எறங்குறதுக்குள்ள மாட்டியாகணும். போன குளிருக்கே பொழைச்சது கர்த்தர் கிருபை."

அப்போது நான் செய்ய வேண்டியது என்ன? நாலு எட்டு வைத்து இன்ஜினியர் அறைக்குள் போய், "ஐயா, நான் ரெண்டு தடவையும் உள்ளே போகவில்லை" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். பட்டியல் திருத்தப்படும், வீடு இரண்டாம் வகுப்புக்கு இறங்கும், அன்றைக்கே கண்ணாடிக்குக் கையெழுத்தாகும். ஆனால் எனக்கு அப்போது தகுதிகாண் பருவம். வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் அடுத்த மாதம் வர வேண்டும். "ரெண்டு நாள் டைம் குடுங்க டீச்சர்" என்றேன்.

இரண்டு நாளும் மூளையைக் கசக்கினேன். கசக்கியதில் விழுந்த யோசனை இதுதான்: இடித்ததை இருந்தபடியே திரும்பக் கட்டினால் அனுமதி உண்டு என்றுதானே விதி? அப்படியானால் கட்டிவிடுவோம்.

ஆமாம். ஒரு வண்டி விறகோடு செவ்வாய்க்கிழமை டீச்சர் வீட்டு வாசலில் போய் நின்றேன். தைல மரமும் சீகை மரமும் கலந்த விறகு. அன்றைக்கு வேறு வழியில்லாமல் முதன்முதலாக அந்தக் கேட்டைத் திறந்தேன். வழக்கமான குரைப்பு. கண்ணை மூடிக்கொண்டு முருகா என்றேன். வராந்தாவிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏலே டைகர், சும்மா கெட. தம்பி, பயப்படாம வாங்க. அதுக்குப் பல்லே கெடையாது. பாலும் சோறுந்தான் திங்குது."

கண்ணைத் திறந்தேன். முயல் உயரத்தில் ஒரு கிழட்டு நாய். என்னை முகர்ந்துவிட்டு என் காலடியிலேயே படுத்துக்கொண்டது. பேசியவர் ஞானராஜ். கம்பளியைப் போர்த்திக்கொண்டு கதவோரம் ஒரு நாற்காலியில் இருந்தார். எலும்பும் தோலுமாக இருந்தாலும் கண்ணில் குறும்பு குறையவில்லை.

நான் விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு ஒரே குஷி. டீச்சருக்கு அறவே பிடிக்கவில்லை.

"நான் பொய் சொல்ல மாட்டேன் தம்பி. இப்பவே சொல்லிட்டேன். யாரும் கேக்கலைன்னா வாயத் தொறக்க மாட்டேன். கேட்டாங்க, உள்ளதத்தான் சொல்லுவேன்."

"அது போதுங்க டீச்சர்."

விறகு அடுக்குவதை நான் சாதாரண வேலை என்று நினைத்திருந்தேன். ஞானராஜ் ஒரு கையில் என் படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்த இடத்திலிருந்தே மேஸ்திரி வேலை பார்த்தார். "நாலாவது வரிசை சாஞ்சிருக்கு பாருங்க. பெருங்கட்டை கீழ, சிறுகட்டை மேல. தம்பி, சன்னல் இன்னும் ரெண்டு வெரல் கெழக்க தள்ளணும், படத்துல அப்படித்தான் இருக்கு." நடு நடுவே இருமல் வந்து ஆளை மடக்கிப்போடும். இருமல் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து பிடிப்பார். சாயங்காலத்துக்குள் மர அறை எழுந்து நின்றது. என் உள்ளங்கை முழுக்கச் சிராய். சும்மா சொல்லக் கூடாது, முந்தைய வருஷத்து அறையைவிட நன்றாகவே இருந்தது. கோழி உடனே குடியேறிவிட்டது.

குழுத் தலைவரும் இன்ஜினியரும் வந்து பார்க்க வெள்ளிக்கிழமை என்று முடிவானது. மூன்று நாளும் பழனி மலை இருக்கும் திசையைப் பார்த்து, "முருகா, அன்றைக்கு மட்டும் பனியைக் கொட்டு" என்று வேண்டினேன். அவர் என் பக்கம் இல்லை. வெள்ளிக்கிழமை விடிந்தது பாருங்கள், எதிர் மலையில் நிற்கிற மரத்தை எண்ணலாம் போல வெயில். ஆனால் காற்று மட்டும் ஊசியாகக் குத்தியது.

தலைவர் கேட்டுக்கு வெளியே நின்று கையைக் கட்டிக்கொண்டு ரசித்தார். "ஆகா! படத்துல பாத்த மாதிரியே கட்டியிருக்காங்களே" என்றார். பிறகு டீச்சரிடம் திரும்பினார்.

"அம்மா, இந்த அறையத் திரும்ப எப்ப கட்டுனீங்க?"

"போன செவ்வாய்க்கெழமைங்க."

"ஒரே நாள்லயா?"

"ஆமாங்க. சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சுபோச்சு."

எல்லாம் உள்ளதுதான். டீச்சர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. வராந்தாவில், எனக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று, ஞானராஜ் கம்பளியோடு எழுந்து வந்து தூணைப் பிடித்து நின்றிருந்தார். வர வேண்டாம் என்று டீச்சர் கண்ணால் சொன்னார். அவர் கேட்கவில்லை.

தலைவர் தலையை ஆட்டினார். "நல்லது. வேலை சுத்தம். ஆனா முதல் வகுப்பு விஷயம் பாருங்க, பழைய மரமும் புது மரமும் ஒண்ணுதானான்னு விஷயம் தெரிஞ்சவங்கள வரவழைச்சுப் பாக்கணும். தை கழிஞ்சு அடுத்த கூட்டம் வருது. அதுல இந்த அறைக்கு ஒப்புதல் குடுத்துட்டு, அப்படியே கண்ணாடியையும் எடுத்துக்குவோம்."

தை கழிந்து என்றால் குளிர் முழுக்கக் கழிந்து. குடைக்காம்பைப் பிடித்திருந்த டீச்சரின் விரல்கள் வெளுத்ததைப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து ஞானராஜுக்கு இருமல் வந்தது. தூணைப் பிடித்தவர் அப்படியே சரிந்து படியில் உட்கார்ந்து, மூச்சு வாங்க முடியாமல் இருமினார். டீச்சர் குடையைப் போட்டுவிட்டு ஓடினார். கண்ணாடிச் சட்டங்கள் கதவு வழியாகக் கூடத்தில் தெரிந்தன, பத்தடி தூரத்தில்.

தம்பிகளா, தங்கச்சிகளா, எனக்குத் தைரியம் வந்தது என்று எழுதினால் அது மூன்றாவது பொய். தைரியம் ஒன்றும் வரவில்லை. அந்த இருமலை இன்னும் ஒரு நிமிஷம் கேட்க முடியாது என்பது மட்டும்தான் தெரிந்தது.

"ஐயா, அது அறை இல்லீங்க. விறகு. செவ்வாய்க்கிழமை நான்தான் அடுக்குனேன். போன வருஷமும் அது விறகுதான். நாய்க்குப் பயந்து கேட்டுலயே நின்னு வரைஞ்சேன். இந்த வருஷமும் உள்ள போகல. இவங்க எதையும் இடிக்கலீங்க."

இன்ஜினியர் என்னைத் திரும்பிப் பார்த்தார். தலைவரோ நம்பவே இல்லை!

"என்னய்யா உளர்ற? அந்த வேலைப்பாடு என்ன, சன்னல் என்ன... விறகாம்ல?" என்று சொல்லிக்கொண்டே விறுவிறுவென்று உள்ளே போனார். டைகர் குரைத்தது. சட்டை செய்யாமல் அந்தச் சன்னலுக்குள் தலையைக் கொடுத்து அறையின் உட்புறத்தைப் பார்க்க முயன்றார். உள்ளே முட்டையிட உட்கார்ந்திருந்த கோழி அவர் முகத்திலேயே படபடவென்று அடித்துக்கொண்டு வெளியே பறந்தது. தலைவர் பின்னால் சாய, கையில் பிடித்த கட்டை உருவிக்கொண்டு வர, மேல் இரண்டு வரிசை அவர் காலடியில் உருண்டது. தொப்பி ஒரு பக்கம், மூக்குக் கண்ணாடி ஒரு பக்கம்.

வராந்தாவிலிருந்து, கணவரின் முதுகைத் தடவிக்கொண்டே, டீச்சர் சொன்னார்: "முட்டைய மிதிச்சிராதீங்க சார்."

தலைவர் கையில் இருந்த கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாரே ஒரு சிரிப்பு! "துரை கட்டுனதுன்னு என் கையால எழுதி வச்சேனே! நானும் ஒரு தடவை வந்து பாக்கலையேய்யா" என்றார். அவர் என்னைக் கடித்துத் துப்பியிருக்கலாம். அதற்கு எல்லா நியாயமும் இருந்தது. தன் பங்கை முதலில் எடுத்துக்கொண்ட அந்த மனுஷனை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை குவியும்.

மர அறையை நீக்கி, வீட்டை இரண்டாம் வகுப்புக்கு மாற்றும்படி அங்கேயே தாளில் எழுதினார். இன்ஜினியர் கண்ணாடி மனுவை வாங்கி, விறகு அடுக்கின் மேலேயே வைத்து, "அனுமதிக்கப்படுகிறது" என்று கையெழுத்துப் போட்டார்.

எல்லாம் சுபம் என்று நான் மூச்சு விடும்போது டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னது, செகண்ட் கிளாஸா? என் வீடா?" முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு மார்க் போட்டவர், அவருக்கு அது தாங்கவில்லை. சட்டம் போட்டு மாட்டியதை எல்லாம் கழற்ற வேண்டுமே என்று கண் கலங்கிவிட்டார். ஞானராஜ்தான் மூச்சு வாங்கிக்கொண்டே சமாதானம் சொன்னார்.

"ஏம்மா, ஃபர்ஸ்ட் கிளாஸ்ல நடுங்கிட்டுக் கெடக்கதுக்கு, செகண்ட் கிளாஸ்ல வெயில் காஞ்சுட்டுப் போறேனே?"

திரும்பி வந்ததும் இன்ஜினியர் ஆபீஸ் வாசலில் நின்று, "ரெண்டு தடவ கேட்டேன். ரெண்டு தடவயும் நம்புனேன். இனிமே உன்ன நான் கேக்க மாட்டேன், நீயே உன்னக் கேட்டுக்கோ" என்றார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். என் தகுதிகாண் பருவத்தை ஒரு வருஷம் நீட்டினார். அந்தப் படத்தை என் மேசைக்கு எதிர்ச் சுவரில், நான் நிமிர்ந்தால் தெரிகிற உயரத்தில் மாட்டச் சொன்னார். பணியிலிருந்து ஓய்வுபெறும் நாளில் நானே கழற்றி வீட்டுக்கு எடுத்து வந்தேன். பேரப்பிள்ளைகள் அழகான வீடு என்கிறார்கள்.

அந்த வாரமே கண்ணாடி ஏறியது. மார்கழியில் டீச்சரிடமிருந்து ஆள் வந்தது: "உங்க மர அறைய எரிச்சுக்கிட்டு இருக்கோம், வெரசா வாங்க, தீர்ந்துரும்." போனேன். ஞானராஜ் கண்ணாடிக்குப் பின்னால் வெயிலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார், மடியில் டைகர். கண்ணாடிக்கு வெளியே புல்லெல்லாம் உறைபனி. உள்ளே அவர் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டிருந்தார். நான் கோழியைப் பற்றி விசாரித்தேன். ஞானராஜ் அந்தக் குளிரைத் தாண்டினார், அதற்குப் பிறகும் பல குளிர்களைத் தாண்டினார்.

எண்பதுகளில் பட்டியலைத் திருத்தி எழுதும் வேலை வந்தது. அதற்குள் ஞானராஜ் காலமாகிவிட்டிருந்தார். எங்கள் இன்ஜினியரும் மாற்றலாகிப் போய்விட்டார், ஆபீசில் மூத்தவன் நான்தான். டீச்சர் வீட்டு விவரத்தாளை வேறு யாரிடமும் கொடுக்காமல் நானே கொண்டுபோனேன். வீட்டில் டைகரின் இடத்தில் ஒரு புது நாய், பல்லெல்லாம் பத்திரமாக இருந்தது. கேட்டைத் திறந்து உள்ளே போனேன். வராந்தாவின் ஒவ்வொரு சட்டத்தையும் அளந்தேன், மூலைப் பொருத்துகளைத் தடவிப் பார்த்தேன். ஓர் ஆணி கிடையாது, எல்லாம் மரத்தோடு மரம் கடித்த வேலை. "முன் வராந்தா: கண்ணாடிச் சன்னல்கள். வீட்டு உரிமையாளரான தச்சர் ஞானராஜ் தம் கையால் செய்தவை. பாதுகாக்கப்பட வேண்டிய பகுதி" என்று எழுதி, டீச்சரிடம் நீட்டினேன். இந்த முறை இரண்டு பக்கமும் படிக்கச் சொன்னேன்.

டீச்சர் மெதுவாகப் படித்தார். ஞானராஜ் பெயர் வந்த வரியில் விரலை வைத்துக்கொண்டார்.

"அப்ப எனக்கப்புறம் யாரு வந்தாலும் இதக் கழட்ட முடியாதுல்ல?"

"பெர்மிஷன் இல்லாம முடியாதுங்க டீச்சர்."

"பெர்மிஷன் கேட்டாங்கன்னா?"

"எங்க ஆபீஸ்லருந்து ஆள் உள்ள வந்து, இதுக்குள்ள உக்காந்து பாத்துட்டுத்தான் பதில் சொல்லுவோம்."

அவர் அந்தப் பக்கம் படுத்திருந்த நாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நாய் இருந்தாலுமா?"

"நாய் இருந்தாலுங்க."

டீச்சரும் இப்போது இல்லை. வீடு கைமாறிவிட்டது. வராந்தாக் கண்ணாடியை எடுத்துவிட்டுக் கார் நிறுத்த இடம் கேட்டு ஒரு மனு உங்கள் மேசையில் கிடக்கிறது என்று கேள்விப்பட்டேன். கேட்டுல நின்னு பார்த்தால் போதாதா என்று கேட்ட தம்பி கையில்தான் அது இருக்கிறதாம். முடிவு உங்களுடையது, நான் அதில் தலையிட மாட்டேன். காலை வெயில் இருக்கும்போது போங்கள் தம்பி. கேட்டைத் திறந்து உள்ளே போய், அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் கொஞ்ச நேரம் உட்காருங்கள். டீச்சரிடம் உங்களையும் சேர்த்துத்தான் நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.